ரின்டாரோ சசாகியும் ஸ்டான்ஃபோர்டும்: ஒரு பெரிய பெயரை எடைபோட்ட விதம்

2024 பிப்ரவரியில் ஜப்பானிய இளைஞர் ரின்டாரோ சசாகி, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பேஸ்பால் ஆடப்போவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 18. இவாத்தே மாகாணத்தின் ஹனாமாகி ஹிகாஷி பள்ளிக்காக 140 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அடித்திருந்தார். ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலில் அவ்வளவு அடித்தவர் வேறு எவரும் இல்லை. முந்தைய அக்டோபரில் நடந்த ஜப்பானியத் தொழில்முறை லீகின் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புதிய வீரர்களைச் சுற்று வாரியாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, அவர் விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே ஏதாவது ஓர் அணி அவரை எடுத்திருக்கும் என்பதே அங்கு பரவலான எதிர்பார்ப்பு. அவர் விண்ணப்பிக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லி, வளாகங்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று விளையாட்டு வீரரை அழைக்கும்போது அந்தப் பெயருக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. வழக்கமாக இந்தக் கேள்வி அமெரிக்கப் பள்ளி மாணவரின் வீட்டில்தான் எழும். சசாகியின் வீட்டில் எழுந்தபோது அதன் பக்கங்கள் எல்லாமே பெரிதாகிவிட்டன: இழக்கக்கூடிய பணம் பெரிது, கடக்க வேண்டிய தூரம் பெரிது, வகுப்பு நடக்கும் மொழியே வேறு.

அமெரிக்க முறை பற்றி ஒரு விளக்கம் தேவை. அங்கே பள்ளி முடித்த நல்ல வீரர், நாட்டின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீகின் டிராஃப்டில் நேரே போகலாம். ஏதோ ஓர் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தத் தொகை கொடுத்து, இளம் வீரர்கள் தேறிவரும் கீழ்நிலை மைனர் லீகுக்கு அனுப்பும். அல்லது கல்லூரிக்குப் போகலாம். நான்காண்டுப் படிப்பு உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, டிராஃப்ட் கதவு மூடியிருக்கும். ஆகவே 18 வயதில் எடுக்கும் முடிவு மூன்றாண்டுக் காலத்தைப் பூட்டிவிடுகிறது. அந்த மூன்றாண்டில் தோள்பட்டை கிழியலாம், ஆட்டம் மங்கலாம், மதிப்பு இரட்டிப்பாகவும் ஆகலாம்.

தந்தை இரண்டு முறை பார்த்த முடிவு

சசாகியின் தந்தை ஹிரோஷி சசாகிதான் ஹனாமாகி ஹிகாஷியின் பயிற்சியாளர். யூசெய் கிக்குச்சியும் ஷோஹெய் ஓட்டானியும் அவரிடம் ஆடியவர்கள். இந்த ஆய்வின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். மகனின் முடிவு வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்தவர், இதே வகை முடிவை இரண்டு முறை அருகிலிருந்து பார்த்திருக்கிறார்.

2009இல் கிக்குச்சி, பள்ளியிலிருந்து நேரே அமெரிக்காவுக்குப் போகலாமா என்று யோசித்தார். மேஜர் லீக் அணிகளைச் சந்தித்தார். கடைசியில் ஜப்பானிலேயே இருப்பதாகக் கண்ணீருடன் அறிவித்து செய்பு அணிக்குப் போனார். அமெரிக்க ஆடுகளத்தில் அவர் கால் வைத்தது 2019இல். 2012இல் ஓட்டானி ஒரு படி மேலே போய், அமெரிக்காவுக்குத்தான் போவேன் என்று டிராஃப்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். அப்படியும் நிப்பான் ஹாம் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது; இளம் வயதில் நேரே வெளிநாடு போனவர்களின் அனுபவத்தைத் தொகுத்துக் காட்டி, பந்து எறிவது, அடிப்பது இரண்டையும் செய்ய இடம் தருவதாகச் சொல்லி மனத்தை மாற்றியது. ஐந்து பருவங்கள் கழித்து, 2017 டிசம்பரில் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தார். 25 வயதுக்குக் குறைவான வெளிநாட்டு வீரர்களுக்கான உச்சவரம்பு காரணமாக அவருக்குக் கிடைத்த ஒப்பந்தத் தொகை சுமார் 23 லட்சம் டாலர் மட்டுமே. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் அதைப் போலப் பல மடங்கு கிடைத்திருக்கும் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும்.

இருவருக்கும் பொதுவான பூட்டு ஒன்று உண்டு. ஜப்பானிய அணியில் சேர்ந்தவர் தன் விருப்பப்படி வெளிநாடு போக ஒன்பது பருவங்கள் ஆட வேண்டும். அதற்கு முன் போக அணி மனம் வைத்து ஏலமுறையில், அதாவது அமெரிக்க அணிகள் அவரோடு பேரம் பேச அனுமதித்து, விடுவிக்க வேண்டும். சாவி வீரரின் கையில் இல்லை.

கல்லூரி வழி அந்தச் சாவியை மாற்றிவிடுகிறது. ஜப்பானியப் பள்ளி மாணவர் மேஜர் லீக் டிராஃப்டில் வர முடியாது; வெளிநாட்டு வீரராக, உச்சவரம்புக்கு உட்பட்ட தொகைக்குத்தான் கையெழுத்திட முடியும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் அமெரிக்க மாணவரைப் போலவே டிராஃப்டுக்குத் தகுதி வந்துவிடுகிறது. சசாகிக்கு 2026 ஏப்ரலில் 21 வயது நிறைகிறது. அந்த ஆண்டின் டிராஃப்ட்தான் அவருக்கு முதல் வாய்ப்பு. 18 வயதில் ஜப்பானிய அணியில் சேர்ந்திருந்தால் 21இல் அவர் இன்னும் அந்த அணியின் சொத்து.

இதுவரை சொன்னதில் ஸ்டான்ஃபோர்டின் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த ஆதாயம் முழுவதையும் எந்தச் சாதாரண அமெரிக்கப் பல்கலைக்கழகமும் தந்திருக்கும். பெரிய பெயரை எடைபோடும் குடும்பங்கள் செய்யும் பிழை பெரும்பாலும் இங்கேதான்: கல்லூரி என்ற வழியால் கிடைக்கும் நன்மையை அந்தக் கல்லூரியின் புகழால் கிடைத்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். முதலில் அதைக் கழித்துவிட வேண்டும். மீதி என்ன இருக்கிறதோ அதுதான் பெயரின் எடை.

வாண்டர்பில்ட்டை விட்டுவிட்டு

சசாகி பார்த்த வளாகங்களில் டென்னசியின் வாண்டர்பில்ட் ஒன்று. பேஸ்பாலை மட்டும் அளவுகோலாக வைத்தால் அங்கே போயிருக்க வேண்டும். டிம் கார்பின் 2003 முதல் அங்கே பயிற்சியாளர். 2014, 2019 இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றவர். டேவிட் பிரைஸ் 2007இலும் டான்ஸ்பி ஸ்வான்சன் 2015இலும் டிராஃப்டின் முதல் தேர்வாக அங்கிருந்து போனார்கள். படிப்பிலும் அது இளைத்த இடமில்லை.

ஸ்டான்ஃபோர்டின் பட்டங்கள் 1987, 1988 ஆண்டுகளுக்குரியவை. சசாகி பிறப்பதற்கு வெகு முன்பு. பயிற்சியாளர் மார்க் மார்க்வெஸ் 1977 முதல் 2017 வரை நடத்திய அணி அது. அவருக்குப் பின் வந்த டேவிட் எஸ்கர் 2021, 2022, 2023 மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து, தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் ஒமாஹாவின் கல்லூரி உலகத் தொடருக்கு அணியைக் கொண்டுபோனார். சசாகி முடிவெடுத்த வேளையில் அந்த ஏறுமுகம் கண்முன் இருந்தது.

பேஸ்பாலுக்குப் பிந்தைய வாழ்க்கையையும் எண்ணித்தான் இந்த வழி என்று சசாகி கூறியிருந்தார். வீரர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஜப்பானில் தொழில்முறை ஆட்டம் முடிந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயிற்சியாளர் வேலை, வர்ணனையாளர் வேலை. வேறு திசையில் போக நினைப்பவருக்கு சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே ஆங்கிலத்தில் படித்த சில ஆண்டுகள் கொடுக்கும் தொடர்புகளை வாண்டர்பில்ட் இருக்கும் நாஷ்வில் கொடுக்காது. இதைப் பெயரின் எடையாக முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

அந்த எடையை உண்மையில் பயன்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. பந்து எறிபவரான மைக் முஸினாவை 1987இல் பள்ளியிலிருந்தே பால்டிமோர் ஓரியோல்ஸ் 11ஆம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார், பொருளாதாரப் பட்டத்தை மூன்றரை ஆண்டில் முடித்தார், 1990இல் அதே ஓரியோல்ஸ் அவரை முதல் சுற்றில் 20ஆவது தேர்வாக எடுத்தது. மேஜர் லீகில் 270 வெற்றிகள், 2019இல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். இவர் விஷயத்தில் பல்கலைக்கழகமும் விளையாட்டும் ஒன்றையொன்று தின்னவில்லை. ஆனால் எல்லோரையும் முஸினாவாக நினைத்துக் கணக்குப் போட முடியாது. நடுத்தர மதிப்புள்ள வீரருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டாமி எட்மன்: ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2016இல் ஆறாம் சுற்றில் போனவர், 2024இல் டாட்ஜர்ஸ் அணிக்காக தேசிய லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர். 18 வயதில் அவருக்கு யாரும் கோடிகளை நீட்டவில்லை. அப்படிப்பட்டவருக்குக் கல்லூரி இழப்பே இல்லை.

மார்க் அப்பெல் கொடுத்த விலை

எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயர், பந்து எறிபவரான மார்க் அப்பெல். 2009இல் பள்ளி முடித்தபோது டெட்ராய்ட் டைகர்ஸ் 15ஆம் சுற்றில் எடுத்தது, ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 2012இல் முதல் தேர்வாகப் போவார் என்று பேசப்பட்டவரை விட்டு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கார்லோஸ் கொரெயாவை எடுத்தது. அப்பெல் எட்டாம் இடத்துக்கு இறங்கி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கைக்கு வந்தார். அவர்கள் நீட்டிய 38 லட்சம் டாலரை மறுத்து நான்காம் ஆண்டுக்குத் திரும்பினார். 2013இல் ஆஸ்ட்ரோஸ் அவரையே முதல் தேர்வாக எடுத்து 63.5 லட்சம் டாலர் கொடுத்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். காயங்கள், மைனர் லீகில் தடுமாற்றம், 2015 இறுதியில் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றம். 2018இல் ஆட்டத்தையே விட்டு விலகினார். 2021இல் திரும்பி வந்தார். 2022 ஜூனில், 30 வயதில், முதன்முறையாக மேஜர் லீகில் பந்து எறிந்தார். அந்த ஆண்டு ஆறே ஆட்டங்கள்.

இந்த வரலாற்றைப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு எதிரான சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது எதிர்த்திசையில் தெரிகிறது. நான்காம் ஆண்டு மாணவருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு. திரும்பிப் போக இடமில்லை என்று அணிகளுக்குத் தெரியும், அதனால் பலரும் சிறு தொகைக்குக் கையெழுத்திடுவார்கள். அந்த நிலையிலும் அப்பெல் 25 லட்சம் கூடுதலாகப் பெற்றார். அவர் தோள் விழுந்ததற்கும் பட்டத்துக்கும் தொடர்பில்லை. 26 வயதில் ஆட்டத்தை விட்டு நின்றபோது அவரிடம் முடித்த பொறியியல் மேலாண்மைப் பட்டம் இருந்தது. மைனர் லீகில் அதே வயதில் வெறுங்கையுடன் நிற்பவர்களோடு ஒப்பிட்டால்தான் அதன் மதிப்பு புரியும்.

ஆனால் இந்த வாதத்தில் ஓட்டை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பள்ளியிலிருந்து நேரே கையெழுத்திடும் வீரரும், பிற்காலக் கல்லூரிச் செலவை அணி ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். பலர் வாங்கியும் இருக்கிறார்கள். ஆகவே பட்டம் கல்லூரி வழிக்கு மட்டுமே உரியது என்று சொல்வது சரியாகாது. 30 வயதில், குடும்பத்தோடு, 18 வயதினர் நடுவே போய் உட்கார மனம் வருமா என்பதுதான் வேறுபாடு. பணம் இருந்தும் பலர் போவதில்லை. அதோடு, அப்போது அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி ஸ்டான்ஃபோர்டாக இருப்பது அரிது. விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே அனுமதிக்கும் இடம் அது. பேஸ்பால் திறந்துவிடும் கதவு 18 வயதில் ஒருமுறைதான் திறக்கிறது.

யார் பணம் கட்டுகிறார்கள்

கல்லூரிகளில் நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பார்த்துப் பழகியவர்கள் பேஸ்பால் வீரருக்கும் முழு உதவித்தொகை இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். 2024–25 வரை ஓர் அணிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைதான். அதை அணியில் பலருக்குப் பங்கிட வேண்டும். சராசரியாகப் பாதிகூட வராது. ஸ்டான்ஃபோர்டில் 2024–25இல் படிப்புக் கட்டணம் மட்டும் சுமார் 65,000 டாலராக இருந்தது. தங்கல், உணவு சேர்த்தால் 85,000க்கு மேல். 40 விழுக்காடு உதவித்தொகை என்று பயிற்சியாளர் பெருமையாகச் சொன்னாலும், குடும்பம் ஆண்டுக்கு 50,000 டாலர் எண்ணி வைக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய பல்கலைக்கழகத்தின் சொத்து வேலை செய்கிறது. 2024–25 நிலவரப்படி, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் குறைவான அமெரிக்கக் குடும்பத்திடம் ஸ்டான்ஃபோர்ட் கட்டணம், தங்கல், உணவு எதற்கும் பணம் கேட்பதில்லை. ஒன்றரை லட்சத்துக்குக் குறைவென்றால் படிப்புக் கட்டணம் இல்லை. இது வீரர் என்பதற்காகத் தரப்படுவது இல்லை, எல்லா மாணவர்களுக்கும் உரியது. எனவே ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கு, அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம் தரும் பாதி உதவித்தொகையைவிட இந்தப் பெரிய பெயர் மலிவு. பெயரைக் கேட்டதுமே நமக்கு எட்டாது என்று விலகிப்போகும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தக் கணக்கை அவர்களிடம் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. உண்மையில் அடிபடுவது இரண்டரை லட்சம் சம்பாதித்து, வீட்டுக்கடனும் கட்டி, உதவிக்குத் தகுதி பெறாமல் நடுவில் நிற்கும் குடும்பம்.

கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்தால் 11.7 என்ற வரம்பு போய்விட்டது. அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்கு 34 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்தது. 34 பேருக்குமே முழு உதவித்தொகை தரலாம். தரலாம் என்பதும் தருவார்கள் என்பதும் ஒன்றில்லை. முன்பு 40 வரை இருந்த இடம் சுருங்கியிருப்பது மட்டும் உறுதி. எந்த அணிக்கும் முதலாண்டு மாணவரைவிட, வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் 21 வயதுக்காரர்மேல் ஆசை அதிகம். ஸ்டான்ஃபோர்டோ மாறிவருபவர்களை மிகக் குறைவாகவே அனுமதிக்கிறது. பயிற்சியாளருக்கு இது கைவிலங்கு. பள்ளியிலிருந்து வரும் வீரருக்கு இதுவே பாதுகாப்பு. தன் இடத்தில் அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துவிடும் அச்சம் அங்கே குறைவு. பெயரின் எடையில் இதைச் சேர்க்க யாரும் நினைப்பதில்லை.

சசாகியின் நிலை வேறு. முழு உதவித்தொகை என்று செய்திகள் வந்தன. மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. உடன் ஆடும் அமெரிக்கர்களுக்குத் திறந்துள்ள விளம்பர வருமானம் அவருக்கு அப்படியே திறப்பதில்லை. பணம் அதிகம் கொடுக்கும் தென்பகுதிப் பல்கலைக்கழகங்களின் பெரிய கவர்ச்சியே இவர் விஷயத்தில் பாதி மங்கிப்போனது.

பெயர் தராதவை

சசாகி வளாகத்துக்கு வந்த 2024ஆம் ஆண்டிலேயே ஏறுமுகம் நின்றது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஸ்டான்ஃபோர்ட் தேசியத் தொடருக்குத் தேறவில்லை. பசிஃபிக் கரை லீக் சிதைந்துபோனதால், பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கரை லீகில் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் படிக்கும் மாணவர் வார இறுதி ஆட்டத்துக்கு நாட்டின் மறுகரைக்குப் பறக்கிறார். திங்கள்கிழமை வகுப்பு காத்திருக்கிறது. 2025 பருவம்தான் சசாகியின் முதல் பருவம். அடி சராசரி .269, ஹோம் ரன் 7. மோசமில்லை, 140 என்ற எண்ணைக் கேட்டவர்களுக்கு ஏமாற்றம். அந்த 140இல் பயிற்சி ஆட்டங்களில் அடித்தவையும் சேர்த்தி என்பதை ஜப்பானிய ரசிகர்கள் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வளர்ச்சியைப் பொறுத்தவரை பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு பிரேடன் மான்ட்கமரியைப் பார்க்கலாம். மிசிசிப்பியிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆடினார், ஒமாஹாவும் போனார். 2023க்குப் பின் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்முக்கு மாறினார். அங்கே ஒரே பருவத்தில் 27 ஹோம் ரன். 2024 டிராஃப்டில் 12ஆவது தேர்வு. பேஸ்பால் ஒன்றே குறி என்று முடிவு செய்துவிட்டவருக்கு அது சரியான நடை. அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஸ்டான்ஃபோர்ட் அடி என்று ஒரு காலத்தில், அணிகளுக்காக வீரர்களைத் தேடும் ஸ்கவுட்கள் முகம் சுளித்ததும் உண்டு: பந்தை எதிர்ப்புறம் தட்டிவிடச் சொல்லிக்கொடுத்து, வீரரின் வலிமையை மழுக்கிவிடுகிறார்கள் என்பது புகார்.

2023 ஜூனில் டெக்ஸஸ் அணிக்கு எதிராக குவின் மாத்யூஸ் ஒரே ஆட்டத்தில் 156 பந்துகள் எறிந்தார். ஸ்டான்ஃபோர்ட் வென்றது. அவர் தானே விரும்பி எறிந்தார், அடுத்த ஆண்டு மைனர் லீகில் பிரகாசிக்கவும் செய்தார். ஆனாலும் பந்து எறியும் பிள்ளையின் பெற்றோராக நான் இருந்தால், வளாகத்தின் பனைமர வரிசையைப் பார்த்து மயங்கும் முன் அந்த 156ஐப் பற்றித்தான் பயிற்சியாளரிடம் கேட்பேன். மாணவர்களின் கைக்கு யார் பொறுப்பு, எத்தனை பந்துக்குப் பிறகு யார் நிறுத்துவார்கள் என்று. சசாகி பந்து எறிபவர் இல்லை, முதல் பேஸில் நிற்பவர். அவருக்கு இந்தக் கவலை எழவில்லை.

2025 அக்டோபர்

ஜப்பானிய டிராஃப்டில் எதிர்பாராதது நடந்தது. ஃபுக்குவோக்கா சாஃப்ட்பேங்க் ஹாக்ஸும் யோகோஹாமா டிஎன்ஏவும் சசாகியை முதல் சுற்றில் குறித்தன. குலுக்கலில் சாஃப்ட்பேங்க் வென்றது. ஏழே ஹோம் ரன் அடித்த பருவத்துக்குப் பிறகும் முதல் சுற்று! இரண்டாண்டுகளுக்கு முன் அவர் விட்டுவந்த கதவு மூடிவிடவில்லை என்பது அன்று தெரிந்தது. கல்லூரிக்குப் போனதால் அவர் தாய்நாட்டில் எதையும் இழக்கவில்லை.

அப்போது அவர் முன் இருந்தவை மூன்று வழிகள்: சாஃப்ட்பேங்க், மேஜர் லீக் டிராஃப்ட், ஸ்டான்ஃபோர்டில் தொடர்வது. சாஃப்ட்பேங்க் வசதியும் பணமும் உள்ள அணி. அதே சமயம் வீரர்களை ஏலமுறையில் அமெரிக்காவுக்கு விடுவதில் மிகவும் இறுக்கம் காட்டிய அணி. கோடாய் செங்கா பல முறை கேட்டும் கிடைக்காமல், 2022 பருவம் முடிந்து தன் உரிமை வந்த பிறகே போனார். அந்தப் பழைய பூட்டு அங்கே இன்னும் கனமாக இருக்கிறது.

பட்டத்தை வைத்துப் பார்த்தாலும் விடை அமெரிக்காவின் பக்கமே சாய்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பட்டத்துக்கு 180 அலகுகள் வேண்டும். அங்கே ஆண்டு மூன்று காலாண்டுகளாக ஓடுகிறது; காலாண்டுக்கு 15 அலகு என்றால் பன்னிரண்டு காலாண்டு. 2024 வசந்தத்தில் சேர்ந்தவர் 2026 வசந்தம் முடியும்போது ஏழு காலாண்டுகள் இருந்திருப்பார். மிச்சம் ஐந்து. இலையுதிர்க் காலாண்டு செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மைனர் லீக் பருவம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். ஆகவே அமெரிக்க அணியில் சேர்ந்தால், அணியும் பல்கலைக்கழகமும் இசைந்தால், ஆண்டுக்கு ஒரு காலாண்டாக முடித்துவிடலாம். ஜப்பானில் பருவம் அக்டோபர் வரை இழுக்கும், நவம்பரில் இலையுதிர்ப் பயிற்சி முகாம் இருக்கும், ஸ்டான்ஃபோர்ட் இருக்கும் பாலோ ஆல்டோ கடலுக்கு அப்பால். பேஸ்பாலுக்குப் பிந்தைய வாழ்க்கைக்காகத்தான் ஸ்டான்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தால், மூன்று வழிகளில் எது அந்த ஐந்து காலாண்டுகளுக்கு இடம் விடுகிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.